செவீயாவில் ஒரு செவ்வாய்ப் பழமொழி

ஸ்பானிய மொழி வகுப்பில் அன்றைய பாடம் கல்யாணம். என்னுடையது பெரியவர்கள் பார்த்து முடித்தது என்றதும் பக்கத்திலிருந்த பெண் குரலைத் தாழ்த்தி, "உன்னைக் கட்டாயப்படுத்தினார்களா?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த இரக்கம்தான் சுருக்கென்று தைத்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று நான் அவகாசம் கேட்டதும், அப்பா பொறுமையாகக் காத்திருந்ததும் தமிழில் நெஞ்சு நிறைய இருந்தன. ஸ்பானிய மொழியில் 'இல்லை' என்பது மட்டுமே வாயில் வந்தது.

ஸ்பெயினின் செவீயா நகரத்துக்கு வந்த புதிதில் பட்ட அந்த ஏக்கத்தைத் தீர்த்தவர் கீழ்வீட்டுப் பாட்டி. பேத்தியின் கல்யாணத்தைச் சனிக்கிழமை வைத்திருந்தார்கள். விடுமுறை என்பதாலா என்றேன். "எந்த நாளும் வைக்கலாம் மகளே, செவ்வாய் மட்டும் ஆகாது" என்றவர், 'என் மார்த்தெஸ், நி தே காசெஸ் நி தே எம்பார்க்கெஸ்' என்று ராகமாகச் சொன்னார். செவ்வாயில் மணமும் முடிக்காதே, கப்பலும் ஏறாதே! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 'செவ்வாய் வெறுவாய்' என்று சொல்லி எந்த நல்ல காரியத்தையும் தள்ளிவைக்கும் என் அப்பத்தா இதைக் கேட்டிருந்தால் அவரைக் கட்டிப்பிடித்திருப்பார். இவர்களின் கிழமையும் அதே கோளின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. செவ்வாய் தோஷம் என்று எங்கள் ஊரில் ஜாதகங்கள் திரும்பிப்போகும் கதையைச் சொன்னேன். பாட்டிக்கு அதில் ஆச்சரியமே இல்லை, "பின்னே, சும்மாவா சொன்னார்கள்?" என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்குப் பேச்சென்றால் கல்யாணப் பேச்சுதான். மாப்பிள்ளையைப் பீடம் வரை கைப்பிடித்து அழைத்துப்போவது அவனுடைய அம்மா. உயரமான சீப்பைக் கொண்டையில் செருகி, அதன்மேல் மந்தியா என்னும் சரிகைத் துணியைப் போர்த்திக்கொண்டு அவர் நடந்துவரும் அழகே தனி. மாப்பிள்ளை பெண்ணின் கையில் 13 நாணயங்களைக் கொடுப்பான். மழை வராமலிருக்கப் புனித கிளாராவின் கன்னியர் மடத்துக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அழைப்பிதழோடு வங்கிக் கணக்கு எண்ணும் வந்தது. மொய் நோட்டோடு வளர்ந்த எனக்கு அதில் கூச்சமே தோன்றவில்லை.

இப்போதெல்லாம் இந்த மொழியில் கல்யாணம் பேச எனக்குத் தடுமாற்றம் இல்லை. தாய்மாமன் பேச்சு வரும்வரை இல்லை. மாமா என்ன செய்வார் என்று பாட்டி கேட்டார். சீர், மாலை என்று தொடங்கினேன். மேளத்தோடு மதுரை வீதியில் மாமா சீர்த்தட்டு எடுத்துவந்த மாலைப்பொழுதுக்கே போய்விட்டேன். வெயிலில் வியர்த்து, வேட்டி நுனியைப் பிடித்தபடி, எல்லோரையும் அதட்டிக்கொண்டு வந்தார். பாட்டி இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

அரிசி விஷயத்தில் மட்டும் எனக்கு இவர்களோடு உடன்பாடில்லை. எல்லாம் முடிந்து தேவாலய வாசலுக்கு வந்த பிறகுதான் தூவுகிறார்கள். கெட்டிமேளம் கொட்டும் அந்த நொடியில், தாலி ஏறும்போதே தலையில் விழவேண்டியது அது. பாட்டியிடமும் சொல்லிவிட்டேன். தூவும்போது நாங்கள் என்ன பாடுவோம் என்று கேட்டார். பாட்டு நலங்குக்குத்தான் என்றேன். உடனே பாடச் சொன்னார். முதல் இரண்டு வரிக்கு மேல் நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது முழுவதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.