கிட்டார் பெட்டிக்குள் ஐப்பசியும் சித்திரையும்

மூன்று ஆண்டுகளுக்கு முன், சித்திரைத் திருவிழாவுக்குச் சில நாட்களே இருந்த ஒரு மாலையில், மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டில் கிட்டாரை எடுப்பதற்காகக் கேஸைத் திறந்தேன். கழுத்தைப் பற்றியவுடனே ஏதோ சரியில்லை என்று கை சொல்லியது. விரல் பலகையின் ஓரம் முழுவதும், அதில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளின் முனைகள் சிறு முட்களைப் போல நீட்டிக்கொண்டிருந்தன. கம்பிகளைத் தளர்த்தி, துளைக்குள் கைப்பேசி விளக்கை வைத்து, அறையை இருட்டாக்கிப் பார்த்தபோது, கம்பிகளை மேற்பலகையோடு பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குக் கீழிருந்து அடிவிளிம்பு நோக்கி நான்கு விரற்கடை நீளத்துக்கு மயிரிழை போல ஒரு வெளிச்சக் கோடு மேற்பலகையில் தெரிந்தது. பலகை பிளந்திருந்தது. முழுக்க முழுக்க என் கவனிப்பால் நேர்ந்த பிளவு அது. அலட்சியத்தால் நேர்ந்திருந்தால்கூட அவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன்.

நடந்தது இதுதான். அதற்கு முந்தைய ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. பூஜையறைக் கதவு உப்பிக்கொண்டு சாத்த முடியாமல் போனது. கேஸின் உள்துணியில் வெள்ளைப் பூஞ்சணம் பூத்தது. ஈரத்துக்கு சிலிக்கா ஜெல்தான் மருந்து என்று எல்லோரும் சொன்னதால், அரைக் கிலோ வாங்கித் துணிப்பையில் கட்டிக் கேஸுக்குள் வைத்தேன். பலன் நன்றாகவே இருந்தது. நீல மணிகள் ஈரத்தைக் குடித்து இளஞ்சிவப்பாக மாறும்; வாணலியில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். பங்குனியில் ஒருமுறை அப்படி வறுத்து, மிகுந்த பொறுப்போடு திரும்பவும் உள்ளே வைத்து மூடினேன். தவறு அங்கேதான் நிகழ்ந்தது. (அந்த நீலம் கோபால்ட் குளோரைடால் வருவது, நச்சுத்தன்மை உடையது. சமையல் பாத்திரத்தில் அதை வறுக்கவே கூடாது. இதைப் பின்னால் அறிந்து அந்த வாணலியைக் கழித்துக் கட்டினேன்.)

சிலிக்கா ஜெல்லுக்கு எடுக்க மட்டுமே தெரியும். கொடுக்கவும் தெரியாது, போதும் என்று நிறுத்தவும் தெரியாது. கடலோர ஊர்களில் ஆண்டு முழுவதும் ஈரம் என்பதால், அங்குள்ளவர்கள் சொல்லும் யோசனை அங்கே பொருந்தக்கூடும். மதுரை அப்படிப்பட்ட ஊரன்று. வடகிழக்குப் பருவமழையின் சில வாரங்களை விட்டால் இது வறண்ட ஊர். கோடைப் பிற்பகலில் என் அறையில் ஈரப்பதம் 35 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே அறையில் ஐப்பசி இரவில் 85 இருக்கும். கிட்டார் செய்பவர்கள் பொதுவாகக் கேட்பதோ 45 முதல் 55 வரை. ஆகவே ஆண்டின் ஒரு பகுதியில் ஈரத்தை எடுக்க வேண்டும், பெரும்பகுதியில் கொடுக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல் எந்தப் பொருளை வாங்கி வைத்தாலும் பயனில்லை.

மரம் ஈரத்தால் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. இழைக்குக் குறுக்கேதான் விரியும், சுருங்கும். கிட்டாரின் மேற்பலகை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனும், அகன்ற இடத்தில் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலே 4 மில்லிமீட்டர். ஆனால் உட்புறம் குறுக்கே ஒட்டிய சட்டங்களும் சுற்றுப் பலகையும் அதைச் சுருங்க விடாமல் பிடித்துக்கொள்வதால், போக வழியில்லாத இழுவிசை கடைசியில் இழையோடு பிளந்து வெளியேறுகிறது. ஒட்டுப் பலகையால் செய்த கிட்டார்களில், அடுக்குகளின் இழை ஒன்றுக்கொன்று குறுக்கே செல்வதால், இந்த அபாயம் குறைவு. முழுப்பலகைக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்குத்தான் இவ்வளவு கவலை.

இன்னொன்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 விழுக்காடு ஈரப்பதத்தில் மரம் தன் எடையில் ஏறக்குறைய 9 விழுக்காடு நீரை வைத்திருக்கும். 80 விழுக்காட்டில் அது 15க்கு மேல் போகும். ஒரு கிட்டாரில் ஒன்றரைக் கிலோ மரம் என்று கொண்டால், நல்ல நிலையில் இருக்கும்போதே அதற்குள் நூறு கிராமுக்கு மேல் நீர் இருக்கிறது. கேஸுக்குள் சுற்றியிருக்கும் காற்றிலோ ஒரு தேக்கரண்டி நீர்கூட இராது. அதாவது நாம் பராமரிப்பது காற்றை அன்று, மரத்தை. மின்னணுப் பொருட்களோடு வரும் சிறு சிலிக்கா பொட்டலம் ஒரு கிட்டாரை நன்மையாகவோ தீமையாகவோ அசைக்காது. நான் வைத்த அரைக் கிலோ அசைத்துவிட்டது.

பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அன்றே ஒட்டித் தருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பலகையைக் கட்டை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்துவிட்டு, "இப்ப ஒட்டக் கூடாது தம்பி. மரம் முதல்ல தண்ணி குடிக்கட்டும். வாய் தானா மூடும், அப்புறம் ஒட்டுவோம்" என்றார். ஈரத்தோடு பத்து நாள் மூடி வைத்தபின் அந்த வெளிச்சக் கோடு உண்மையாகவே மறைந்துவிட்டது. அதன் பிறகே பசையிட்டு, உட்புறத்தில் இழைக்குக் குறுக்காக மூன்று சிறு மரத்துண்டுகளை வைத்து ஒட்டிக் கொடுத்தார்.

ஈரப்பதமானி ஒன்றை வாங்குவதே முதல் வேலை. விலை குறைந்த மானிகள் பெரும்பாலும் சற்றுப் பொய் சொல்லும். ஆனால் அந்தப் பொய் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் போதும். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை இட்டு, கரையாத அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் போலாக்கி, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத உறைக்குள் ஓர் இரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது. அன்றிலிருந்து ஆறைக் கூட்டிப் படிக்கிறேன். உப்பின் இந்த இயல்பை நம் வீட்டுப் பெண்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள்: மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசத்துப்போனால் காற்று அந்த எல்லையை நெருங்கிவிட்டது என்று பொருள். கல்லுப்பில் மெக்னீசியம் கலந்திருப்பதால் அது இன்னும் முன்பாகவே கசியும். ஆகவே சோதனைக்குத் தூள் உப்பே சரி.

மானி இல்லாதவர்கள் கிட்டாரையே படிக்கலாம். ஒரு நேரான அளவுகோலைப் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகையின் குறுக்கே நிறுத்துங்கள். பலகை நடுவில் மிகவும் புடைத்து, கம்பிகள் உயர்ந்து அழுத்தக் கடினமாகியிருந்தால் ஈரம் மிகுதி. பலகை தட்டையாகவோ குழிந்தோ இருந்து, கம்பிகள் தாழ்ந்து ஃப்ரெட்டில் உரசி இரைந்தால் வறட்சி. ஓரளவு புடைப்பு இயல்பானதே.

இப்போது என் வழக்கம் எளியது. கேஸில் இருவழிப் பொட்டலங்கள் வைத்திருக்கிறேன். உப்புக் கரைசல் நிரப்பிய இந்தப் பொட்டலம், 49 விழுக்காட்டுக்கு மேல் போனால் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், கீழே இறங்கினால் கொடுக்கும். விலை அதிகம், கோடையில் விரைவில் இறுகிவிடும் என்பதால், மாசி முதல் ஆடி வரை அதற்குத் துணையாக ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவையும் சேர்த்துக்கொள்கிறேன். மூடியில் மட்டும் ஊசியைச் சுட்டுத் துளைகள் இட்டு, உள்ளே பஞ்சு வைத்து, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, சொட்டு விழாதபடி இறுகப் பிழிந்து, கழுத்து முனைக்கு அருகில் வைப்பேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் பஞ்சு இரண்டே வாரத்தில் உப்புப் பூத்துக் கல்லாகிவிட்டது. மழை தொடங்கியதும் டப்பாவை எடுத்துவிடுவேன். 70க்கு மேல் நீடித்தால் மட்டும், கோபால்ட் இல்லாத ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் ஒரு கைப்பிடி, அதுவும் தினமும் மானியைப் பார்த்துக்கொண்டு.

கேஸ் ஈரத்தைத் தடுப்பதில்லை, மாற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. ஹார்ட் கேஸ் அதிகமாகவும், துணிப்பை மிகக் குறைவாகவும். வாசித்து முடித்ததும் திரும்ப வைத்து மூடும் பழக்கத்துக்கு ஈடாக எந்தப் பொட்டலமும் இல்லை. ஏசி அறையில் தாங்கியில் நிறுத்திவைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வைப்பது வேறு வகை ஆபத்து. அங்கே சூடு ஏறி, பிரிட்ஜைப் பிடித்திருக்கும் பசையே இளகக்கூடும். கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால், அறைக்குச் சென்றவுடன் திறக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் கேஸிலேயே விட்டுவிடுங்கள்.

பறை வாசிப்பவர்கள் தோல் தளர்ந்தால் தீ மூட்டிக் காய்ச்சிக்கொள்கிறார்கள்; அந்த வசதி கிட்டாருக்கு இல்லை. இன்று காலை திறந்தபோது மானி 42 காட்டியது, ஆறு கூட்டினால் 48. ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன், விளிம்பு தட்டுப்படவில்லை. பஞ்சு காய்ந்திருந்ததால் நனைத்துப் பிழிந்து வைத்து மூடினேன்.