இண்டாலியச் சட்டியும் ஜாகுவார் இன்ஜினும்

பிப்ரவரி 3, 2024, சனி

கவன்ட்ரி. இரண்டு வருடமாக அலமாரியில் கிடந்த ஜாகுவார் ஈ-டைப் காரின் பிளாஸ்டிக் மாடல் கிட்டை இன்றுதான் பிரித்தேன். 1/24 அளவு. கார் பிறந்த ஊரிலேயே குடியிருந்துகொண்டு அதன் பொம்மையை ஒட்டுகிறேன் என்று மனைவிக்குச் சிரிப்பு. பாடி வேலை பிறகுதான். பானெட், அதாவது இன்ஜின் மூடி, மொத்தமும் முன்பக்கம் சாய்ந்து திறக்கிற கார் இது. திறந்தால் இன்ஜினை ஒளித்து வைக்க இடமே கிடையாது.

இன்ஜினின் உச்சியில் இருக்கிற மூடிகளான கேம் கவர்கள் கிட்டிலேயே குரோம் பூசி வந்திருக்கின்றன, கவரிங் நகை மாதிரி. நிஜக் காரில் அவை பாலிஷ் போட்ட அலுமினியம். குரோமில் முகம் பார்க்கலாம், லேசாக நீலமும் ஓடும். அலுமினியத்தின் பளபளப்பு அப்படி இல்லை, அதில் ஒரு வெளுப்பு உண்டு. வீட்டு பிளீச்சில் இரண்டு கவர்களையும் முக்கி, ஷெட் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

குரோம் போய்விட்டது. அடியில் மஞ்சளாக ஒரு வார்னிஷ். அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் இன்னொரு ராத்திரி ஊற வேண்டும்.

இருந்த நேரத்தில் கையேட்டைப் பார்த்தேன். இன்ஜின் முழுவதற்கும் ‘அலுமினியம்’ என்று ஒரே பெயிண்ட் எண். இங்கேதான் எல்லா மாடல் இன்ஜினும் பொம்மையாகிவிடுகிறது. இது 3.8 லிட்டர் எக்ஸ்கே இன்ஜின். இன்ஜினின் உடம்பான பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் கறுப்பு பெயிண்ட். பிளாக்கின் மேல் உட்காரும் ஹெட் அலுமினியம்தான், ஆனால் பொன்னிறப் பெயிண்டுக்குள் ஒளிந்திருக்கிறது. புகை வெளியேறும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கறுப்பு எனாமல். வெறும் உலோகமாகத் தெரிவது கேம் கவர், காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்ட், மூன்று எஸ்யூ கார்புரேட்டர்களின் மணி வடிவ மூடிகள், அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப், கிளட்சை மூடும் பெல் ஹவுசிங். அத்தனையும் அலுமினியம், ஆனால் ஒரே அலுமினியம் இல்லை. சம்ப் வார்த்தெடுத்த சொரசொரப்போடு அப்படியே இருக்கும், கவரைத் தேய்த்து மினுக்கியிருப்பார்கள். ஊரில் அம்மாவின் இண்டாலியச் சட்டி கனமாக, சாம்பல் நிறமாக இருக்கும். பக்கத்திலேயே பால் பாத்திரம், தினம் புளி போட்டுத் தேய்த்தது. சம்ப்புக்கு முதலாவது, கவருக்கு இரண்டாவது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 10, சனி

சம்ப். மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்கிற கெட்டி பிரைமரைப் பழைய பிரஷ்ஷால் குத்திக் குத்தி வைத்தேன். காய்ந்ததும் பார்த்தால் கொழுக்கட்டை மாவு உலர்ந்த மாதிரி இருந்தது. நிஜத்தில் அரை மில்லிமீட்டர் மேடு பள்ளம் என்றால் இந்த அளவில் 0.02 மில்லிமீட்டர்தான் வரும். கண்ணுக்குச் சொரசொரப்பாகத் தெரிந்தாலே அதிகம் என்று அர்த்தம். 1000 நம்பர் உப்புத்தாளால் பெரும்பகுதியைத் தேய்த்து எடுத்துவிட்டேன். விரல் மட்டும் உணர்கிற அளவுக்கு மிச்சம். அதன் மேல் டமியா பெயிண்டில் எக்ஸ்எஃப்-16, மங்கல் அலுமினியம். போதும்.

கவருக்கு இந்த மாதிரி சாதாரண வெள்ளிப் பெயிண்ட் ஆகாது. அதில் இருப்பது உலோகத் துகள். ஒரு துகள் 20 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், நிஜக் கார் அளவில் 24 மடங்கு, கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர். இன்ஜின் மேல் சர்க்கரை தூவின கதைதான். மங்கலான சம்ப்பில் அது மறைந்துவிடும், பளபளப்பில் மறையாது. அல்க்ளாட் மாதிரி மிக நுண்ணிய துகள் லாக்கர்தான் வழி. குறைந்த காற்றழுத்தம், ஏர்பிரஷ், அடியில் வழுவழுப்பான கறுப்பு.

பிப்ரவரி 14, புதன்

சொதப்பல். முந்தாநாள் கவர்களுக்கு எனாமல் கறுப்பு அடித்திருந்தேன். ஷெட்டில் குளிர், முழுதாகக் காய இன்னும் நாலு நாள் விட்டிருக்க வேண்டும். தொட்டால் ஒட்டவில்லையே என்று இன்று லாக்கரை அடித்தேன். பத்து நிமிடத்தில் வற்றிய ஏரித் தரை மாதிரி வெடித்துவிட்டது. மேலே காய்ந்தாலும் உள்ளே பச்சையாக இருக்கிற எனாமலை லாக்கரின் கரைப்பான் அரித்துச் சுருட்டிவிடும். தெரிந்தே செய்தேன்.

இன்று பூ வாங்கிப் போக வேண்டிய நாள் என்பது சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு

எல்லாவற்றையும் கழுவிவிட்டு மறுபடி. இந்த முறை கறுப்பும் லாக்கர். அலுமினிய லாக்கர் பாட்டிலை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தேன், காற்றழுத்தம் 12 பிஎஸ்ஐ. முதல் பூச்சில் கறுப்பு அப்படியே தெரிகிறது, புகை படிந்த மாதிரி மட்டும். இரண்டாவதில் சாம்பல். மூன்றாவது பாதியில் சட்டென்று உலோகமாகிவிட்டது, விளக்கின் பிம்பம் கவரின் முதுகில் நீளமாக வளைந்து ஓடியது. அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று அடித்தால் திட்டுத்திட்டாகப் பவுடர் பூத்து, வெறும் பெயிண்டாகிவிடும்.

பிளாஸ்டிக் ஸ்பூன் ஒன்றுக்கும் கூடவே அடித்து, அதன் மேல் கிளியர், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, போட்டுப் பார்த்தேன். பளபளப்பு செத்துச் சாம்பலாகிவிட்டது. கவருக்குக் கிளியர் கிடையாது. இனிக் கையுறையோடுதான் தொட வேண்டும்.

பிப்ரவரி 25, ஞாயிறு

பழைய கார்க்காரர்கள் கூடுகிற இடத்தில் ஒரு 3.8 லிட்டர் ஈ-டைப் நின்றது, பானெட் திறந்தபடி. உரிமையாளர் பெரியவர். பொம்மை செய்கிறேன் என்றதும் கையில் டார்ச்சைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கவரின் முதுகு மின்னுகிறது. ஆனால் கவரைப் பிடித்திருக்கிற குமிழ் நட்டுகளைச் சுற்றித் துணி நுழையாத வளையம், மங்கிப் பழுப்பாக. கார்புரேட்டர் மணிகளின் அடியில் பெட்ரோல் கசிந்து காய்ந்த மஞ்சள். ஹெட்டின் பொன்னிறம் எக்ஸாஸ்ட் பக்கம் காப்பிப் பொடி நிறத்துக்குப் போயிருந்தது. ஆக, கை எட்டுகிற இடம் பளபளப்பு, எட்டாத இடம் அழுக்கு.

மார்ச் 2, சனி

அழுக்குக்கு எண்ணெய் வண்ணத்தில் கறுப்பும் பர்ன்ட் அம்பர் என்கிற அடர் பழுப்பும், ஒயிட் ஸ்பிரிட்டில் தண்ணீராகக் கரைத்து. சம்ப்புக்கும் பெல் ஹவுசிங்குக்கும் தாராளமாகப் பூசித் துடைத்தேன். கவருக்கு ஊசி முனையில் எடுத்து நட்டுகளைச் சுற்றி மட்டும். நட்டுத் தலைகளுக்குக் குரோம் பேனா மை, பல்குச்சி முனையில் ஒரு புள்ளி. பிளாக்கின் விளிம்புகளில் 2பி பென்சில் தூளை விரலால் தேய்த்தேன், கறுப்புக்கு அடியிலிருந்து இரும்பு எட்டிப் பார்த்தது.

மார்ச் 3, ஞாயிறு

கார்புரேட்டர்களை ஒட்டினேன். மூன்றாவது மணியில், கையுறை போடாத ஏதோ ஒரு நொடியில், என் கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கிறது. இந்த அளவில் அது உழுத வயல் மாதிரி தெரிகிறது. கழற்றி மறுபடி அடிக்கலாம். மணியைத் திருப்பி, ரேகையை ஃபயர்வால் பக்கம், அதாவது இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிற தடுப்பின் பக்கம், வைத்து ஒட்டிவிட்டேன்.