பேரங்காடிக்கு முறுக்கு சப்ளை: அடுக்கு காலியாகாமல் பார்ப்பது எப்படி

பேரங்காடிக்குச் சரக்குப் போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, “லிஸ்டிங் கட்டணம் எவ்வளவு?” நம் சரக்கைக் கடைப் பட்டியலில் சேர்க்க வாங்கும் அந்தக் கட்டணம் ஒரு தடவை போகிற காசு. நம் அடுக்கு காலியாகக் கிடந்து போகிற காசுதான் பெரிது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் முறுக்கு பிழிந்து ஈப்போவுக்கு அனுப்பும் தொழிலில் எங்களுக்குத் தெரிந்தது இது.

தாள் வேலை சுலபம். எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு, சுகாதார அமைச்சின் மெஸ்தி என்ற உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ், மலாயில் அச்சிட்ட லேபிள், 955-இல் தொடங்கும் 13 இலக்க பார்கோடு. பெரும்பாலும் ஹலால் சான்றிதழும் கேட்பார்கள். பார்கோடைப் பாக்கெட்டின் மடிப்பில் அச்சடிக்க வேண்டாம். கவுண்டரில் ஸ்கேன் ஆகாத பாக்கெட் ஓரமாகப் போய்விடும்.

விலை பேசும்போது கழிவுகளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு, பாக்கெட் 5 வெள்ளி (ரிங்கிட்) என்றால் ரிபேட் (கடைக்குத் தரும் தள்ளுபடி) 5%, விளம்பரக் கழிவு 10%, உடைசல் 3%: கைக்கு வருவது 4 வெள்ளி 10 காசு.

சிக்கல் பெட்டிக் கணக்கில்தான் ஆரம்பிக்கும். பெட்டிக்கு 24 என்று அவர்கள் கணினியில் இருக்க, நாம் 20 அடைத்தால், 10 பெட்டி ஆர்டருக்கு 240 எதிர்பார்ப்பார்கள், 200தான் இறங்கும். குறைந்த 40 பாக்கெட் நம் தலையில் விழும். பேரங்காடிக்குக் கொள்முதல் செய்யும் பையர் கண்ணுக்கு நாம் சரக்கு ஒழுங்காகத் தராத ஆள். அவருக்குப் பெட்டியைப் பற்றி என்ன தெரியும், திரையில் ஆர்டரில் 83%தான் வந்தது என்றுதான் தெரியும். முதல் ஆர்டருக்கு முன்பே இந்த எண்ணை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதைவிட மோசமானது இல்லாத ஸ்டாக். உடைந்த 12 பாக்கெட்டைப் பணியாளர் குப்பையில் போட்டுவிட்டு, கணினியில் கழிக்காமல் விட்டிருப்பார். அடுக்கில் ஒன்றுமில்லை, கணினியோ “12 இருக்கிறது” என்கிறது. தானியங்கி ஆர்டர் கிளம்பாது. கடைக்கும் விற்பனை போச்சு, நமக்கும் போச்சு, யாருக்கும் காரணம் தெரியாது. இதைப் பிடிப்பது தலைமையகத்துப் பையர் அல்ல. அந்த வரிசையைக் கவனிக்கும் சூப்பர்வைசர் அண்ணனோ அக்காவோதான். வாரம் ஒரு முறை நேரில் போய் அடுக்கை எண்ணி, “சிஸ்டத்தில் எத்தனை காட்டுது, கொஞ்சம் பாருங்கக்கா” என்று கேட்டால், அங்கேயே திருத்திவிடுவார். உடைசலை மல்லுக்கட்டாமல் மாற்றிக் கொடுக்கிற சப்ளையருக்குத்தான் இந்த உதவி கிடைக்கும்.

சரக்கு இறக்குமிடத்தில் டிஓ (டெலிவரி ஆர்டர், சரக்கு ஒப்படைக்கும் சீட்டு) 3 பிரதி, ஆர்டர் எண்ணோடு. முத்திரையும் கையெழுத்தும் விழாமல் லாரியை எடுக்காதீர்கள். ஒரு பாக்கெட் வித்தியாசத்துக்கு முழு இன்வாய்ஸும் நின்றுவிடும்.

“60 நாள் கடன்” என்றால் எந்த நாளிலிருந்து என்று கேளுங்கள். மாதக் கடைசி ஸ்டேட்மெண்டிலிருந்து என்றால், செப்டம்பர் 3-இல் போட்ட சரக்குக்கு நவம்பர் 29-இல்தான் பணம். அரிசி மாவுக்காரரும் எண்ணெய்க்காரரும் அதுவரை பொறுக்க மாட்டார்கள்.

தீபாவளிக்குப் போன வருட விற்பனையைக் கிளைவாரியாகக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கிற பையரோடு அளவாக அடைக்கலாம். கொடுக்காதவர் கடைசி நேரத்தில் மூன்று மடங்கு கேட்பார், மீந்ததைத் திருப்பியும் அனுப்புவார். அவரிடம் திருப்பும் அளவுக்கு ஓர் உச்ச வரம்பு எழுதி வாங்கிய பிறகே அடுப்பைப் பற்ற வையுங்கள்.