எழுதியவர் பெயர் போடாமல் ஆலய நூல் கொண்டுவருவது

பினாங்கில் எங்கள் ஆலய வெளியீட்டுக் குழு கொண்டுவரும் வழிபாட்டு நூல்களில் எழுதியவர் பெயர் இருக்காது. நூல் ஆலயத்தின் குரலாகவே இருக்க வேண்டும் என்பது பெரியவர்கள் எடுத்த முடிவு. மற்ற சமயத்தாரிடமும் இந்த வழக்கம் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1942 முதல் தங்கள் வெளியீடுகளில் எழுத்தாளர் பெயர் போடுவதில்லை.

பெயர் போடாத நூலுக்குத்தான் உள்ளே பதிவுகள் கூடுதலாக வேண்டும். எழுதித் தருபவரிடம் பதிப்புரிமையை ஆலயத்துக்குக் கொடுப்பதாக முதலிலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறோம். வாய்ப்பேச்சு செல்லாது, மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தில்தான் கேட்கிறது. இந்தத் தாள் இல்லாவிட்டால், பின்னாளில் வாரிசுகள் உரிமை கோரும்போது மறுபதிப்பே நின்றுபோகும். பெயரில்லா நூலுக்கு உரிமைக் காலம் வெளியான ஆண்டுக்குப் பின் 50 ஆண்டு. எழுதியவர் யாரென்று தெரியவந்தால் அவர் ஆயுளும் அதன்பின் 50 ஆண்டும் என்று கணக்கு மாறும்.

எழுதியவர் பெயரை விடலாம், வெளியிடுபவர் பெயரை விட முடியாது. 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அச்சகம், வெளியீட்டாளர் இரண்டின் பெயரும் முகவரியும் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ இருந்தாக வேண்டும். சங்கப் பதிவில் உள்ள ஆலயப் பெயரையே எழுத்துப் பிசகாமல் போடுகிறோம், மலாயிலும் சேர்த்து. ஒவ்வொரு நூலுக்கும் தனியாகத் தரப்படும் சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன் கோலாலம்பூர் தேசிய நூலகத்தில் கிடைக்கும். நூல் வெளியான ஒரு மாதத்துக்குள் அங்கே 5 பிரதிகள் ஒப்படைக்க வேண்டும். ஆசிரியர் பெயர் இல்லாத நூலை நூலகப் பட்டியலில் தலைப்பை வைத்துத்தான் தேடுவார்கள். ‘ஆலய மலர்’ என்று மட்டும் வைத்தால் பத்து மலர்களோடு அதுவும் கலந்துவிடும். ஊர்ப் பெயரும் ஆண்டும் தலைப்பிலேயே வரட்டும்.

பெயர் கசிவது பெரும்பாலும் கோப்பில்தான். வேர்டில் தட்டச்சு செய்தவரின் பெயர் கோப்பின் பண்புகளில் தானாகப் பதிந்து, பிடிஎஃப் ஆக்கும்போது கூடவே போகும். ஆலயத் தளத்தில் ஏற்றிய பிறகு யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து பார்க்கலாம். ஆகவே ஏற்றுமுன் பண்புகளில் ஆசிரியர் கட்டத்தை வெறுமையாக்கி, ஓரக் குறிப்புகளையும் திருத்தத் தடங்களையும் நீக்கிவிடுகிறோம். அடுத்த இடம் தலைவரின் வாழ்த்துரை. நன்றி சொல்லும் ஆர்வத்தில் பெயர் வந்துவிடும், அதனால் அதைக் கடைசியாக ஒருமுறை தனியே படிக்கிறோம்.

எங்களுக்கு இன்னும் முக்கியமாகப் படுவது ஒன்று. பெயரை எடுக்கச் சொன்னால் பக்கம் அமைப்பவர் எல்லாப் பெயரையும் எடுத்துவிடுவார். ‘மாசில் வீணையும்’ பாடலுக்குக் கீழே அப்பர், ஐந்தாம் திருமுறை, 90ஆம் பதிகம் என்ற குறிப்பு இருந்தே தீர வேண்டும். பாடியவர் பெயரை மறைக்க நமக்கு உரிமை இல்லை. பிறர் உரையிலிருந்து எடுத்த வரிகளுக்கும் அதே விதி. அனுமதிக் கடிதமும் கோப்பில் இருக்க வேண்டும்.

பிழை சொல்ல வாசகருக்கு ஓர் ஆள் வேண்டும் அல்லவா? எழுதியவரிடம் அவர்கள் நேரே போக முடியாது. அதற்காகப் பின் அட்டையின் உட்புறத்தில் குழுவின் தொலைபேசி எண் போடுகிறோம். பாடல்களை மூலத்தோடு ஒப்பிட்ட இருவரும் அச்சுக்குப் போகும் படியில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட வேண்டும். அந்தப் படியை அடுத்த பதிப்பு வரை ஆலய அலுவலகம் வைத்திருக்கும்.