பிளாக் சிக்ஸ் கூண்டு: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 3

மலேரியா மூளையைத் தாக்குவதை எலியில் பார்க்கும் சோதனை. ஒவ்வொரு சுண்டெலிக்கும் வயிற்றறையில் பத்து லட்சம் ஒட்டுண்ணியேறிய சிவப்பணுக்கள். கறுப்பு நிற பிளாக் சிக்ஸ் இனத்துக்கும் வெள்ளை நிற பால்ப்-சி இனத்துக்கும் ஒரே குப்பியிலிருந்து, ஒரே பிற்பகலில் செலுத்தினேன். ஒட்டுண்ணி, எலிகளுக்கு மலேரியா தரும் பிளாஸ்மோடியம் பெர்கை, ஆன்கா வகை. அது மனிதரைத் தொற்றாது என்று எத்தனை முறை சொன்னாலும், கடலூரிலிருந்து அம்மா தொலைபேசியில் முதலில் கேட்பது "கையைச் சோப்புப் போட்டுக் கழுவினியா கண்ணு?" என்பதுதான்.

நவம்பர் 5

நாள் முழுவதும் மழை. ஜெனரேட்டருக்கு டீசல் வந்துவிட்டதா என்று இரண்டு பேரிடம் கேட்டேன். இருவரும் வந்துவிடும் என்றார்கள்.

நவம்பர் 6

முதல் ஸ்மியர், அதாவது ரத்தப் பூச்சு. வால் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, மெத்தனாலில் நனைத்து, ஜீம்சாச் சாயத்தில் ஊறவைத்துக் கழுவினால், எண்ணெய் லென்ஸின் கீழ் மங்கலான சிவப்பணுக்களுக்கு நடுவே மெல்லிய நீல வளையமும் அதன் ஓரத்தில் கருஞ்சிவப்புப் புள்ளியும் தெரிகின்றன. சாயம் கரைத்த நீரின் காரத்தன்மை சற்றுப் பிசகினாலும் அந்தப் புள்ளி எடுப்பாகத் தெரியாது.

பால்ப்-சி கூண்டில் தொற்று கூடுதல். பிளாக் சிக்ஸ் கூண்டில் எல்லாவற்றிலும் குறைவாக இருப்பது ஒற்றைத்துளைக்கு. வலக் காதில் ஒரே துளை உள்ளதால் அப்படி அழைக்கிறேன். விலங்குகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது மேடத்தின் விதி. இது பெயரல்ல, அடையாளம் என்பது என் வாதம். சீட்டுக் குலுக்கியதில் அது மருந்து பெறாத பிரிவில் விழுந்திருக்கிறது.

நவம்பர் 7

மதியம் மின்சாரம் போனது. என் கவலை எலிகளைப் பற்றியதல்ல, கொசு அறையைப் பற்றியது. பெர்கை கொசுவுக்குள் வளர வேண்டுமானால் அறை 19 முதல் 21 பாகைக்குள் இருந்தாக வேண்டும். சூடு ஏறினால் வளர்ச்சி கெட்டுவிடும். இந்த ஒட்டுண்ணியை வின்கேயும் லிப்ஸும் 1948-இல் கண்டெடுத்தது காங்கோ நாட்டுக் கட்டாங்காவின் உயர்நிலத்து ஆற்றோரக் காடுகளில் வாழும் எலிகளில். அந்தக் குளிர்ச்சியை அது இன்னும் கைவிடவில்லை. கொசுவோ அனாஃபிலிஸ் ஸ்டீபென்சி, நம் ஊர்க் கிணற்றிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் குடித்தனம் நடத்துவது. அதற்குப் புதுச்சேரி வெயில் பழக்கமானதுதான். அதன் வயிற்றுக்குள் இருக்கும் விருந்தாளிக்காகவே இரவும் பகலும் குளிர்சாதனம் ஓடுகிறது.

வெப்பமானியையே பார்த்துக்கொண்டு நின்றேன். 22-ஐத் தொடுவதற்குள் ஜெனரேட்டர் இயங்கிவிட்டது.

நவம்பர் 8

ஒற்றைத்துளையின் ரோமம் சிலிர்த்திருக்கிறது. இல்லை, நான் அப்படிப் பார்க்கிறேன்.

நவம்பர் 9, அதிகாலை

ஆறாம் நாள். மூன்று மணிக்குப் பார்த்தபோது ஒற்றைத்துளை கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கம்பி மூடியில் தொங்கவிட்டால் பற்றிக்கொள்ளவில்லை. நடக்கவிட்டால் பின்னங்கால்கள் ஒரு பக்கமாக இழுத்தன. உடல் வெப்பம் வெகுவாக இறங்கியிருந்தது. நோயின் கடுமைக்கு நாங்கள் போடும் மதிப்பெண் வரம்பைத் தாண்டியதும் காத்திருக்க அனுமதியில்லை. விலங்கு நெறிக்குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் நானே எழுதியிருக்கும் வரி அது. தானாக இறந்த நேரம் அல்ல, வரம்பைத் தொட்ட நேரமே பதிவேட்டில் ஏறும். மயக்க மருந்து கொடுத்து முடித்தேன். விலங்கறை அண்ணன், "நீங்க போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, கூண்டை நான் மாத்துறேன்" என்றார்.

கடைசி ஸ்மியரையும் எண்ணினேன். அப்போதும் கூண்டிலேயே குறைந்த தொற்று அதற்குத்தான். பக்கத்துக் கூண்டில் அதைவிடப் பல மடங்கு ஒட்டுண்ணி ஏறிய பால்ப்-சி எலிகள் தீவனத்தைக் கொறித்துக்கொண்டிருந்தன.

நவம்பர் 10

சாயச் சோதனைக்கென்று ஒதுக்கிய எலிகளுக்கு இவான்ஸ் ப்ளூ என்ற நீலச் சாயத்தை ரத்தநாளத்தில் செலுத்தி, ஒரு மணி நேரம் கழித்து மூளையை எடுத்தோம். பால்ப்-சி மூளை வெளிறிய நிறத்திலேயே இருந்தது. நோய் முற்றிய பிளாக் சிக்ஸ் மூளை முழுக்க நீலம். ரத்தநாளச் சுவர் கசிந்து சாயம் உள்ளே ஊறியிருக்கிறது. அந்தச் சுவரை உடைப்பதில் பெரும்பங்கு ஒட்டுண்ணியுடையது அல்ல, எலியின் சொந்த சிடி8 டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களுடையது. தொற்றுக்கு முன்பே அந்த அணுக்களை எதிர்ப்புரதத்தால் அகற்றிவிட்டால், ரத்தத்தில் ஒட்டுண்ணி இருக்க, மூளை தப்பிவிடுகிறது. காவலுக்கு வைத்தவனே வீட்டை இடிக்கிறான் என்று மேடம் வகுப்பில் சொல்வதுண்டு. எனக்கு அந்த உவமை அரைகுறையாகவே படுகிறது, ஏனென்றால் நாளச்சுவரின் அணுக்கள் ஒட்டுண்ணியின் துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக்காட்டுவதால்தான் டி அணு அவற்றை எதிரியாகக் கொள்கிறது. அது பார்ப்பதில் பிழையில்லை.

ஆனால் இதை மனிதக் குழந்தைக்கு எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்ற கேள்வி இரவெல்லாம் விடவில்லை. மனிதரில் மூளை நாளங்களை முதன்மையாக அடைப்பது மனித மலேரியா ஒட்டுண்ணியான ஃபால்சிபாரம் ஏறிய சிவப்பணுக்கள். எலியில் அங்கே அதிகம் குவிபவை வெள்ளணுக்கள். நோயெதிர்ப்பைத் தணித்தால் போதுமென்றால் ஸ்டீராய்டு பலித்திருக்க வேண்டும். 1982-இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, மூளை மலேரியா நோயாளிகளின் ஆழ்மயக்கத்தை நீட்டித்ததே மிச்சம். எலியைக் காப்பாற்றிய சிகிச்சைகளில் பல, அறிகுறி தோன்றும் முன்பே கொடுக்கப்பட்டவை. எந்தத் தாயும் குழந்தையை அறிகுறிக்கு முன்னால் மருத்துவமனைக்குத் தூக்கி வருவதில்லை. ஆகவேதான் தடுமாற்றம் தெரிந்த பிறகே ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தைக் கொடுப்பது என்று திட்டமிட்டோம். எலி மாதிரியே வீண் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை; அதனிடம் கேட்கும் கேள்வியின் நேரம்தான் பெரும்பாலும் தவறாக இருந்திருக்கிறது.

நவம்பர் 11

ஆர்ட்டிசுனேட் பிரிவில் சில எழுந்துவிட்டன. ஒன்று மாலையில் கம்பி மூடியைப் பற்றித் தொங்கியது. மருந்து பெற்ற மற்றவற்றில் ஒட்டுண்ணி வேகமாகச் சரிந்தும் மயக்கம் தெளியவில்லை. ஸ்லைடு சுத்தமாகிக்கொண்டிருக்கிறது, எலி விழிக்கவில்லை. எந்த மதிப்பெண்ணோடு மருந்து பெற்றது மீண்டது, எது மீளவில்லை என்று அட்டவணை போடப் போட, ஒற்றைத்துளை அந்த மூன்று மணிக்கு எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கும் என்று விரல் போய்விடுகிறது. மீண்டிருக்கக்கூடிய கட்டம்தான் அது.

நவம்பர் 12

பால்ப்-சி எலிகளின் ரத்தம் வெளிறத் தொடங்கிவிட்டது. அவற்றின் முடிவு இன்னும் ஓரிரு வாரத்தில், ரத்தசோகையால்.

நவம்பர் 14

கொசுக்களைப் பிரித்தோம். உமிழ்நீர்ச் சுரப்பியை ஊசிமுனையால் இழுத்துக் கண்ணாடித் தகட்டின் கீழ் நசுக்கியதும், முதல் கொசுவில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் ஒன்றுமில்லை; 22 பாகை மீண்டும் என் கழுத்தைப் பிடித்தது. பிறகு ஒன்றில், கொசு கடிக்கும்போது உடலுக்குள் இறங்கும் ஒட்டுண்ணி வடிவமான, பிறை வடிவ ஸ்போரோசோயிட்டுகள் திரள்திரளாக வழிந்தன. கதிர்வீச்சால் நலிவுறச் செய்த இதே பெர்கை ஸ்போரோசோயிட்டுகளைக் கொண்டுதான் ரூத் நுஸ்ஸென்ஸ்வைக் 1967-இல் எலிகளுக்குப் பாதுகாப்பு உண்டாக்கிக் காட்டினார். அவற்றின் மேலுறைப் புரதத்தைத் தேடிப்போன பாதைதான் 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ் மலேரியா தடுப்பூசி வரை வந்திருக்கிறது. அந்த எலிகள் இல்லாமல் இது நடந்திருக்காது என்று அம்மாவிடம் சொன்னேன். "செத்ததெல்லாம் எத்தனை?" என்று கேட்டார்.

நவம்பர் 15

மீண்ட எலிகளில் ஒன்று வட்டமாகவே சுற்றுகிறது. ஸ்மியரில் ஒட்டுண்ணி இல்லை. மேடம் இதைத் தனியாகப் பதியச் சொன்னார். மதிப்பெண் தாளில் இதற்கான கட்டமே கிடையாது, நாளைக் காலை புதிதாக ஒன்று வரைய வேண்டும்.