ஆர்தர் மன்னர் எந்த இனத்தவர்?

இங்கிலாந்தின் பெருமையாகக் கொண்டாடப்படும் ஆர்தர் மன்னர், பழைய நூல்களின்படி, ஆங்கிலேயரின் முன்னோரான சாக்சன்களை எதிர்த்துப் போரிட்டவர். ஏறத்தாழ கி.பி. 829இல் லத்தீனில் எழுதப்பட்ட ‘பிரித்தானியர் வரலாறு’ அவருக்கு முடிகூடச் சூட்டவில்லை. சாக்சன்கள் வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த பிரித்தானியரின் மன்னர்களோடு சேர்ந்து 12 போர்களை நடத்திய படைத்தலைவர் என்றே சொல்கிறது. அந்தப் பிரித்தானியரின் வழிவந்தவர்களே இன்றைய வேல்ஸ் மக்கள் என்பதால், அவர்கள் ஆர்தரை உரிமை கொண்டாடுவதில் நியாயம் உண்டு.

இருப்பினும், அவரை ஈரானிய மொழி பேசிய நாடோடிக் குதிரைவீரர்களான சர்மாத்தியரோடு இணைக்கும் கருத்து ஒன்று சில காலமாகச் செல்வாக்குப் பெற்றுள்ளது. கி.பி. 175இல் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ், தம்மிடம் பணிந்த சர்மாத்தியக் குதிரைவீரர்களில் 5,500 பேரைப் பிரிட்டனுக்கு அனுப்பினார் என்பது வரலாறு. அவர்களுக்குத் தலைமை தாங்கியவர், ஆர்தர் கதைக்கு மூலமானவர் என்று இக்கருத்தினர் சொல்லும், பிரிட்டனில் பணியாற்றிய லூசியஸ் ஆர்டோரியஸ் காஸ்டஸ் என்ற ரோம அதிகாரியின் கல்லறைக் கல்வெட்டு குரோஷியாவில் கிடைத்திருப்பதும் உண்மை. ஆனால் அவர் யாரை எதிர்த்துப் படை நடத்தினார் என்று சொல்லும் இடத்தில் கல் சிதைந்து, ‘அர்ம்’ என்ற தொடக்கம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதைச் சிலர் ஆர்மோரிக்கர் (இன்றைய பிரான்சின் வடமேற்குப் பகுதி மக்கள்) என்றும், வேறு சிலர் ஆர்மீனியர் என்றும் நிரப்பிக்கொள்கிறார்கள். அவர் சர்மாத்தியப் படைக்குத் தலைமை தாங்கியதாக அக்கல்வெட்டில் ஒரு சொல்கூட இல்லை.

சர்மாத்தியரின் வழிவந்தவர்களாகக் கருதப்படும், காக்கசஸ் மலைப்பகுதியின் ஒசேத்தியரிடையே வழங்கும் கதையில், வீரன் பத்ராஸ் இறக்கும்போது அவனுடைய வாள் கடலில் எறியப்படுவதையும், ஆர்தரின் வாள் ஏரியில் எறியப்படுவதையும் இக்கருத்தினர் ஒப்பிடுகிறார்கள். ஒற்றுமை கவர்ச்சியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆர்தர் கதையில் அந்தக் காட்சி 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு உரைநடையில்தான் தென்படுகிறது. இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகளுக்கு எந்தத் தடயமும் இல்லாதபோது, அதை இனத்துக்குச் சான்றாக ஏற்க என்னால் இயலவில்லை. ஆர்தர் என்பது ஆர்டோரியஸ் என்ற ரோமப் பெயரின் திரிபாகவே இருந்தாலும், அவர் ரோமர் என்றோ சர்மாத்தியர் என்றோ ஆகிவிடாது. ரோம ஆட்சியில் வாழ்ந்த பிரித்தானியர் லத்தீன் பெயர்களைச் சூடிக்கொண்டது சாதாரண வழக்கம்.

ஆர்தர் வேல்ஸ் மக்களின் வீரர் என்பதை இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு நன்றாகவே அறிந்திருந்தார். 1278இல் கிளாஸ்டன்பரி மடத்தில் ஆர்தருடையவை எனக் காட்டப்பட்ட எலும்புகளை அரச மரியாதையுடன் மறுஅடக்கம் செய்வித்த அவர், சில ஆண்டுகளில் வேல்ஸை முழுமையாக வென்று, ஆர்தரின் மணிமுடி எனச் சொல்லப்பட்டதையும் கைப்பற்றிக்கொண்டார்.