வேட்புமனு தள்ளுபடி: எங்கே சறுக்குகிறார்கள்?

2001 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை என 4 தொகுதிகளில் மனு போட்டார். நான்கும் தள்ளுபடி. ஒரு காரணம், டான்சி நில ஊழல் வழக்கில் பெற்ற தண்டனை. சொன்ன இன்னொரு காரணம்: ஒருவர் 2 தொகுதிகளுக்கு மேல் மனு போடக் கூடாது. கட்சி ஜெயித்தது, எம்.எல்.ஏ. ஆகாமலே அவர் முதல்வரானார், செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. அவ்வளவு பெரிய கட்சி, அவ்வளவு வக்கீல்கள் இருந்தும் இந்த நிலை. சின்னக் கட்சியும் சுயேச்சையும் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டணிக் கணக்கையும் சர்வேயையும் டிவியில் நாள் முழுக்க அலசுகிறார்கள். ஆனால் களத்தில் கடைசியில் யார் நிற்கிறார் என்பது சுமார் 10 நாள் காகித வேலையில்தான் முடிவாகிறது. 2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: மார்ச் 12-ல் மனுத்தாக்கல் ஆரம்பம், 19-ல் முடிவு, 20-ல் பரிசீலனை, 22-ல் வாபஸ், ஏப்ரல் 6-ல் வாக்குப்பதிவு. தேதி மாறினாலும் இந்த இடைவெளிகள் ஏறக்குறைய இப்படித்தான் வரும்.

மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. வேட்புமனுவான படிவம் 2பி-யை வேட்பாளர் கொடுக்க வேண்டும், அல்லது முன்மொழிபவர் கொடுக்க வேண்டும். மாவட்டச் செயலாளரோ வக்கீலோ கொண்டுபோய்க் கொடுத்தால் செல்லாது. ஒரு தொகுதிக்கு ஒருவர் 4 செட் வரை போடலாம், டெபாசிட் ஒரு தடவை கட்டினால் போதும். பொதுப் பிரிவுக்கு 10,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு 5,000. ரொக்கமாக அங்கேயே கட்டலாம், இல்லையென்றால் கருவூலத்தில் கட்டி ரசீது வைக்கலாம். செக் எடுக்க மாட்டார்கள்.

4 செட் எதற்கு என்பதே பலருக்குப் புரிவதில்லை. ஒரு செட்டில் ஓட்டை விழுந்தால் இன்னொன்று காப்பாற்ற வேண்டும் என்பதற்காக. அதே முன்மொழிபவர்கள், வாக்காளர் பட்டியலின் அதே பாகம் எண், அதே தவறோடு நான்கையும் நிரப்பினால் நான்கும் சேர்ந்துதான் போகும்.

அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். சுயேச்சைக்கும் பதிவு மட்டும் பெற்ற கட்சிக்கும் 10 பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். தெருவுக்கு எதிர்ப்பக்கம் பக்கத்துத் தொகுதியாக இருக்கிற நகரங்களில் இதில்தான் அடிபடுகிறார்கள். பாகம் எண்ணையும் வரிசை எண்ணையும் பழைய பட்டியலைப் பார்த்து எழுதுவது இன்னொரு வழக்கமான கோளாறு. கடைசியாக வெளியான பட்டியலையும் துணைப் பட்டியலையும் வைத்துச் சரிபாருங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் முன்மொழிந்தால், கைரேகையை வீட்டில் வாங்கி வரக் கூடாது. தேர்தல் நடத்தும் அலுவலர் முன்போ அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி முன்போ வைக்க வேண்டும்.

2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடியானது இந்த இடத்தில்தான். முன்மொழிந்த பத்துப் பேரில் 2 பேர் 'இது எங்கள் கையெழுத்தே இல்லை' என்றார்கள். பத்தில் ஒன்று குறைந்தாலும் மனு நிற்காது, படிவத்தில் பத்து வரிசைதான் இருக்கிறது. அதனால் இரண்டாவது செட்டில் முற்றிலும் வேறு பத்துப் பேரைப் போடுவதே புத்திசாலித்தனம். பரிசீலனை முடிகிறவரை அவர்கள் எங்கே இருக்கிறார்கள், யார் யார் போய்ப் பார்க்கிறார்கள் என்றும் ஒரு கண் வையுங்கள்!

அடுத்தது படிவம் 26, அதாவது சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் சொல்லும் பிரமாணப் பத்திரம். இதில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. கோடு இழுத்துவிட்டுப் போவதும் வம்புதான். 'இல்லை' அல்லது 'பொருந்தாது' என்று எழுத வேண்டும். காலிக் கட்டம் இருந்தால் அதிகாரி நினைவூட்ட வேண்டும், அதன் பிறகும் நிரப்பாவிட்டால் தள்ளலாம் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேட்பாளர், கணவர் அல்லது மனைவி, சார்ந்திருப்போர் என ஒவ்வொருவருக்கும் 5 ஆண்டு வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம் வேண்டும். வழக்குப் பகுதியில் மறந்துபோவது பெரும்பாலும் பழைய சாலை மறியல் வழக்கு. எழுதியிருப்பது உண்மையா என்று பரிசீலனை அன்று அதிகாரி தோண்டிக்கொண்டிருக்க மாட்டார். ஆனால் ஜெயித்த பிறகு 45 நாளுக்குள் தோற்றவர் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம். மறைத்த வழக்கு அங்கே வந்து நிற்கும்.

கட்சி வேட்பாளருக்கு, 'இவர்தான் எங்கள் வேட்பாளர்' என்று கட்சி எழுதித் தரும் ஏ, பி படிவங்கள்தான் உயிர். இரண்டும் மனுத்தாக்கலின் கடைசி நாள் 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். கையெழுத்து மையில் போட்ட அசலாக இருக்க வேண்டும், ஜெராக்ஸும் ரப்பர் ஸ்டாம்ப் கையெழுத்தும் எடுபடாது. 2016 நவம்பரில் திருப்பரங்குன்றம் இடைத்தேர்தலில் ஏ.கே. போஸுக்குத் தரப்பட்ட படிவங்களில் மருத்துவமனையில் இருந்த ஜெயலலிதாவின் கைரேகை இருந்தது. போஸ் ஜெயித்தார். அந்தக் கைரேகையை எதிர்த்துப் போட்ட வழக்கில் 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் வெற்றி செல்லாது என்றது. அதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

மாற்று வேட்பாளர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பி படிவத்தில் முதல் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர் இருக்கும். முதல் ஆளின் மனு ஏற்கப்பட்டால், ஒரே ஒருவர் முன்மொழிந்த மாற்று ஆளின் மனு தானாகவே தள்ளப்படும். அதை யாரும் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. அவருக்கும் பத்துப் பேர் முன்மொழிந்திருந்தால் கதை வேறு: அவர் சுயேச்சையாகக் களத்தில் நின்றுவிடுவார். கட்சிக்குள் புகைச்சல் இருக்கும் தொகுதியில் இதைக் கவனிக்காமல் விட்டுப் பின்னால் தலையில் கை வைத்த கதைகள் உண்டு.

சத்தமில்லாமல் ஆளைக் கவிழ்ப்பது, அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழி. மனு கொடுத்த பிறகு, பரிசீலனைக்கு முந்தைய நாளுக்குள் எடுத்துவிட வேண்டும். பரிசீலனை அன்று காலையில் போய் எடுக்கலாம் என்று நினைத்தால் போச்சு. மனு கொடுத்த கையோடு அங்கேயே எடுத்துவிடுங்கள். தேர்தல் செலவுக்கான தனி வங்கிக் கணக்கையும் மனு போடுவதற்கு ஒரு நாள் முன்பாவது திறந்திருக்க வேண்டும்.

பரிசீலனை அறைக்குள் வேட்பாளரோடு அவருடைய தேர்தல் முகவர், ஒரு முன்மொழிபவர், எழுத்தில் அனுமதி பெற்ற இன்னொருவர் போகலாம். அந்த இன்னொருவர் வக்கீலாக இருக்கட்டும். எதிராளி ஆட்சேபம் கிளப்பினால் உடனே சத்தம் போடாமல் அவகாசம் கேளுங்கள். ஆதாரம் கொண்டுவர அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ வரை கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. பெயரில் எழுத்துப் பிழை, வரிசை எண்ணில் சின்னத் தவறு போன்றவற்றுக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போன மனுக்கள் நிறைய.

வாபஸ் படிவம் 5-ல், கடைசி நாள் 3 மணி வரை. கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. இதற்குப் பிறகும் கூட்டம் குறையாத தொகுதிகள் உண்டு. 2021-ல் கரூரில் 77 பேர் நின்றார்கள். ஒரு வாக்குப்பதிவு யூனிட்டில் நோட்டாவும் சேர்த்து 16 பேருக்குத்தான் இடம், அதனால் ஒவ்வொரு பூத்திலும் 5 யூனிட் அடுக்க வேண்டியிருந்தது. 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றது இன்னும் பெரிய கூத்து. வாக்குச்சீட்டு புத்தகமாகவே வந்தது. வெறும் 250 ரூபாயாக இருந்த டெபாசிட் அதே ஆண்டில் 5,000 ஆனதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்று ஆனதும், 2 தொகுதிக் கட்டுப்பாடு வந்ததும் அந்தச் சூழலில்தான்.

கூட்டம் சேர்வதில் பாதி தற்செயல் இல்லை. முக்கிய வேட்பாளரின் பெயரிலேயே, முடிந்தால் அதே இனிஷியலோடு ஆள் பிடித்து நிறுத்துவது பழைய வித்தை. வேட்பாளர் படமும் இப்போது இயந்திரத்தில் இருப்பதால் அது முன்போல் வேலை செய்வதில்லை. என்றாலும் 2021-ல் தி.நகரில் ஜெ. கருணாநிதி ஜெயித்தது 137 ஓட்டில், காட்பாடியில் துரைமுருகன் 746-ல். இப்படிப்பட்ட இடத்தில் பெயர் குழம்பிப் போகும் 200 ஓட்டு விளையாட்டுக் காரியமில்லை.

செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் டெபாசிட் திரும்பும். நோட்டா இந்தக் கணக்கில் வராது. டெபாசிட் போனவர்களும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். 'தோற்றாச்சு, இனி என்ன' என்று விட்டால் 3 வருடம் எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாமல் தகுதிநீக்கம் வரும்.